இருதய நோயும் நுண்குழாய்ச் சிகிச்சையும்

நோயாளியின் மணிக்கட்டிலே, பெருவிரற் பக்கமாக மூன்று விரல்களை வைத்து, வாத பித்த சிலேத்துமங்களின் நடையை அறிதல் நாட்டு வைத்தியர் வழக்கம். அவ்விரல்களின் கீழே துடிப்பது ஆரைநாடி என்னும் குருதிக்குழாய். நெஞ்சறையினுள் மறைந்து கிடக்கும் இருதயத்தின் செய்தியைப் புறத்தே கொணர்ந்து கூறும் தூதுவன் போன்றது அது. மேனாட்டு வைத்தியமும் இன்று அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. இரண்டு மில்லிமீற்றர் பருமனுடைய நுண்குழாயொன்றை அங்கே நாடியினுட் புகுத்தி, கை வழியாகவும் தோள் வழியாகவும் இருதயத்தின் வாயில் வரை செலுத்தி, அடைபட்ட குழாயைத் திறக்கின்றனர். நெஞ்சைப் பிளப்பதில்லை, நோயாளியை முற்றாக மயக்குவதுமில்லை. அவர் விழித்திருந்து, வைத்தியரோடு உரையாடிக்கொண்டே, தம் இருதயத்தின் நிழலைத் திரையிற் காணலாம். பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீடு திரும்பலாம்.

இச்சிகிச்சை எவ்வாறு தோன்றியது, அதனால் ஆவது யாது, ஆகாதது யாது என்பன ஈண்டு ஆராயப்படும். ஆகாததையும் ஆராயவேண்டுவதற்குக் காரணமுண்டு. நாடியில் அடைப்பிருப்பதைப் படத்திற் கண்டவுடனே திறந்துவிட்டால் ஆயுள் நீளும் என மக்கள் நம்புகின்றனர்; வைத்தியருட் பலரும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினர். அந்நம்பிக்கை எத்துணை உண்மையென அளந்தறிவதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன.

இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓரிலட்சம் முறை சுருங்கி விரியும் தசை. தன்னூடாக ஓயாது குருதி பாய்ந்துகொண்டிருப்பினும், அத்தசை தனக்கு வேண்டிய ஒட்சிசனை அவ்வெள்ளத்திலிருந்து நேரே பெறுவதில்லை. பெருநாடி தொடங்குமிடத்திற் கிளைக்கும் இரு சிறு நாடிகளே அதற்கு ஊட்டமளிப்பன. முடிபோல இருதயத்தைச் சூழ்ந்து கிடத்தலின் அவை முடியுருநாடிகள் எனப்படும். அவற்றின் அகலம் தொடக்கத்தில் மூன்று நான்கு மில்லிமீற்றரளவே. கொலெஸ்தரோல் முதலிய கொழுப்புப் பொருள்கள் இந்நாடிகளின் சுவரினுட் படிந்து தடித்தலே நோயின் தொடக்கம். இத்தடிப்பு இருவகையால் இடர் விளைக்கும். ஒன்று, பல்லாண்டுகளாக மெல்ல மெல்ல வளர்ந்து குழாயை ஒடுக்குதல். அப்போது படியேறும்போதும் விரைந்து நடக்கும்போதும் நெஞ்சுநோ தோன்றி, இளைப்பாறியவுடன் நீங்கும். மற்றொன்று, தடிப்பின் மேற்றோல் திடீரெனக் கிழிதல்; கிழிந்த இடத்திற் குருதி கட்டிபட்டுக் குழாயை முற்றாக அடைக்க, அதன்கீழுள்ள தசை இறக்கத் தொடங்கும். இதுவே மாரடைப்பு. குழாயை மிகவும் ஒடுக்கி நிற்கும் பழைய தடிப்புத்தான் கிழியும் என்பதில்லை. ஓரளவே ஒடுக்கிய மென்மையான தடிப்பும் பல வேளைகளிற் கிழிகின்றது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாதார்க்குப் பின்வருவன விளங்கா.

உயிருள்ள இருதயத்தினுட் குழாய் செலுத்தும் எண்ணம் விலங்குகளில் தொடங்கியது. இங்கிலாந்துக் குருவாகிய ஸ்ரீபன் ஹேல்ஸ் என்பார் குதிரையின் நாடியிற் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு பொருத்திய நெடிய கண்ணாடிக் குழாயிற் குருதி எட்டடிக்கு மேல் எழுந்ததை அளந்து, 1733 இல் வெளியிட்டார். பிரான்சிலே குளோட் பேணாட் என்னும் உடற்றொழிலறிஞர் 1844 இல் குதிரையின் இருதயத்தினுள்ளேயே கருவி செலுத்தி வெப்பநிலை அளந்தார். குதிரைக்குச் செய்தது மனிதனுக்குமாகும் என எண்ணத் துணிந்தவர் எவருமில்லை. இருதயத்தைத் தொட்டால் அது நின்றுவிடும் என்பதே வைத்தியவுலகின் துணிபு.

அத்துணிபை உடைத்தவர் 25 வயது நிரம்பாத ஓர் இளைஞர். 1929 ஆம் ஆண்டிலே, பேர்லின் நகருக்கணித்தான ஏபர்ஸ்வால்டே என்னும் சிற்றூரின் வைத்தியசாலையிற் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த வேர்ணர் போர்ஸ்மன் என்பாரே அவர். இறக்குந் தறுவாயிலுள்ள நோயாளியின் இருதயத்துக்கு மருந்தை நேரே சேர்ப்பித்தல் கூடுமா என்பது அவர் வினா. அக்காலத்தில் நெஞ்சுக்கூட்டினூடே ஊசி குத்தியே அது செய்யப்பட்டது. ஊசி நாடியையோ நுரையீரலையோ கிழித்தலுமுண்டு. முழங்கை மடிப்பிலுள்ள நாளத்தின் வழியே, குருதி இயல்பாகச் செல்லும் பாதையிலேயே குழாயைச் செலுத்தின் தீங்கு யாதென அவர் தம் மேலாளரை வினவினார். மேலாளர் இணங்கவில்லை, தம் உடலிற் செய்துபார்க்கவும் விடைகொடுக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்ததைப் போர்ஸ்மன் தம் தன்வரலாற்றிற் கூறியுள்ளார். சத்திரசிகிச்சைக் கருவிகளின் திறவுகோல் தாதியொருவர் கையில் இருந்தது. அவரிடம் பேசிப்பேசி, தம்மிலேயே சோதனை செய்யுங்கள் என அவர் முன்வருமளவுக்குப் போர்ஸ்மன் கொண்டுவந்தார். அவரை மேசையிற் படுக்கவைத்துக் கைகால்களைக் கட்டினார். கட்டுண்டவர் தம் கையில் வெட்டு விழப்போகின்றது எனக் காத்திருக்க, போர்ஸ்மன் தமது இடக்கையின் நாளத்தைத் திறந்து, சிறுநீர்க்குழாய்க்கென அமைந்த 65 சென்ரிமீற்றர் நீளமான நுண்குழாயை உட்செலுத்திவிட்டார். ஏமாற்றத்தை உணர்ந்த தாதி சினந்தாராயினும், கட்டவிழ்த்தபின் உடன்சென்றார். இருவரும் படியிறங்கிக் கீழ்த்தளத்திலிருந்த ஊடுகதிர் அறையை அடைந்தனர். நண்பரான வைத்தியரொருவர் ஓடிவந்து குழாயைப் பிடுங்கியெறிய முயன்றார். அவரைத் தள்ளி நிறுத்திவிட்டு, கண்ணாடியில் நிழலைப் பார்த்துக்கொண்டே குழாயை மேலும் செலுத்தி, அதன் நுனி வலது சோணையறையை எட்டியதும் படமெடுப்பித்தார் போர்ஸ்மன். இருதயம் நிற்கவில்லை.

தாதியை ஏமாற்றியது முறையன்று. அவர் செய்தது வீரமா விளையாட்டா என்னும் ஐயம் அக்காலத்துப் பெரியோர்க்கும் எழுந்தது. பேர்லினிற் புகழ்பூத்த சத்திரவைத்தியராகிய சவர்புறூக் என்பவர், இத்தகைய வித்தைகள் சேர்க்கஸ் கூடாரத்துக்கே உரியன என்ற கருத்துப்பட இகழ்ந்து, அவரைத் தம் நிலையத்திலிருந்து நீக்கினார். போர்ஸ்மன் இருதய ஆராய்ச்சியைக் கைவிட்டுச் சிறுநீரக வைத்தியரானார். 1932 இல் நாசிக் கட்சியிற் சேர்ந்தமை அவர் வாழ்க்கையின் மாசு. போரின் பின் சில ஆண்டுகள் வைத்தியத்தொழில் புரியவும் தடையுற்றார். இதற்கிடையே, அவருடைய சிறு கட்டுரையைப் படித்த அன்ட்ரே கூர்னான், டிக்கின்சன் றிச்சட்ஸ் என்னும் இருவர், நியூயோர்க்கின் பெல்வியூ வைத்தியசாலையில் 1940 முதலாக அம்முறையைத் திருத்தி, இருதயத்தின் அறைகள்தோறும் அமுக்கத்தை அளக்கும் கலையாக வளர்த்தனர். 1956 இல் நோபெற் பரிசு மூவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. செய்தி வந்தபோது போர்ஸ்மன் ஜேர்மனியின் சிற்றூரொன்றிற் சிறுநீரக நோய்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார்.

நாளத்தின் வழி இருதயத்தின் வலப்பக்கத்துக்கே செல்லும். முடியுருநாடிகளை அடைய வேண்டின் நாடியின் வழியே செல்லல் வேண்டும். சுவீடன் தேயத்துச் செல்டிங்கர் என்பார் 1953 இல் இதற்கொரு எளிய உபாயம் கண்டார். துளையுள்ள ஊசியால் நாடியைக் குத்துதல். ஊசியினூடே மெல்லிய கம்பியைச் செலுத்துதல். ஊசியை உருவிவிட்டுக் கம்பியின்மேலே குழாயைக் கோத்துச் செலுத்துதல். அவ்வளவே. நாடியை அறுத்துத் திறக்கும் வேலை ஒழிந்தது. இன்று நடைபெறும் நுண்குழாய்ச் சிகிச்சைகள் யாவும் இம்மூன்று செயல்களின் மேல் எழுந்தனவே.

முடியுருநாடிகளினுள்ளே சாயத்தைச் செலுத்தி ஊடுகதிரிற் படமெடுத்தலோ தற்செயலாக நேர்ந்தது. 1958 ஒற்றோபரில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரிலே மேசன் சோன்ஸ் என்னும் வைத்தியர் பெருநாடியிற் சாயம் பாய்ச்ச முயன்றபோது, குழாயின் நுனி வழுவி வலது முடியுருநாடியினுட் புகுந்துவிட்டது. பெருமளவு சாயம் உள்ளே பாய, இருதயம் நின்றது. இருமுங்கள் என்று சோன்ஸ் உரக்கக் கூவினார், நோயாளி இருமினார், இருதயம் மீண்டும் துடிக்கலாயிற்று. உயிர்ப்பழிக்கு அஞ்சி அவ்வழியை விட்டொழிந்திருப்பின் அவரைக் குறைகூறுவார் இலர். அவரோ, சிறிதளவு சாயத்தை இவ்வாறே செலுத்தினால் தீங்கின்றி நாடியைத் தெளிவாகக் காணலாம் என உணர்ந்தார்.

இதுவரையும் குழாய் காண்பதற்குரிய கருவியாகவே இருந்தது. அதனாற் குணப்படுத்தவும் கூடும் எனக் காட்டியவர் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரின் சாள்ஸ் டொற்றர். அவர் சத்திரவைத்தியரல்லர், ஊடுகதிர் வைத்தியர். ஆகவே, படமெடுத்துக் கொடுத்தலோடு அவர் வேலை முடிந்தது என்பதே சத்திரவைத்தியர் எண்ணம். படமெடுக்கவும், சரிசெய்ய முயலவேண்டாம் என ஒருவர் அவருக்கு எழுதியனுப்பிய சீட்டு, பிற்காலத்தில் அத்துறையினரிடையே நகைச்சுவையாகிவிட்டது. 1964 சனவரி 16 ஆம் நாள், 82 வயது மூதாட்டியொருவரிடத்தில் டொற்றர் தம் முறையைச் செய்தார். நாடி ஒடுங்கியதால் அவர் இடப்பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலைத் துண்டித்தலே வழியென்றனர் வைத்தியர், மூதாட்டி மறுத்துவிட்டார். டொற்றர் தொடைநாடியினூடே கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஒன்றையொன்று உள்ளடக்கும் பருமன் வேறுபட்ட குழாய்களை வரிசையாகச் செலுத்தி, ஒடுக்கத்தை அகலச் செய்தார். சில நிமிடங்களிற் பாதம் சூடேறியது. மூதாட்டி தம் இரு கால்களாலும் நடந்தே எஞ்சிய ஆண்டுகளைக் கழித்தார்.

அமெரிக்கச் சத்திரவைத்தியர் அவரைக் கிறுக்கர் என்றனர். கித்தார் நரம்பும் மோட்டார் வாகனக் கேபிளும் கொண்டு கருவி செய்தவரை அவ்வாறழைத்தல் எளிதாகவும் இருந்தது. ஐரோப்பாவிலோ அவருக்கு மாணவர் தோன்றினர். அவருட் சிறந்தவர் ஜேர்மனியிற் பிறந்து சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிற் பணியாற்றிய அன்ட்ரேயாஸ் குறூன்ற்சிக். டொற்றர் முறையிற் குழாயே நாடிச்சுவரை உரசிக்கொண்டு முன்னேற வேண்டியிருந்தது. தடிப்பு உடைந்து கீழே அடித்துச் செல்லப்படலாம். நுண்ணிய முடியுருநாடிக்கு அது பொருந்தாது. சுருங்கிய நிலையிற் புகுந்து, ஒடுக்கத்தை அடைந்தபின் விரியும் ஊதற்பையொன்று வேண்டுமெனக் குறூன்ற்சிக் கருதினார். இரப்பர் பலூன் பயன்படாது. ஏனெனில், எதிர்ப்புள்ள இடத்தை விட்டு எதிர்ப்பில்லாப் பக்கமாக அது பருத்துவிடும். குறித்த அளவுக்கு மேல் விரியாத, ஆயினும் மிக்க அமுக்கம் தாங்கும் பொருள் தேவைப்பட்டது. இரசாயனப் பேராசிரியர் ஒருவர் பொலிவைனைற் குளோரைட்டைச் சுட்டிக்காட்டினார். பகலில் வைத்தியசாலை வேலை. இரவில் வீட்டுச் சமையலறை மேசையிலே, மனைவியும் உதவியாளரும் உடனிருக்க, நூலும் பசையும் கொண்டு பலூன் செய்தல். இவ்வாறு இரண்டாண்டுகள் முயன்று, 1974 இல் கால்நாடியொன்றிற் பலூனைப் பயன்படுத்தினார்.

1977 செப்ரெம்பர் 16 ஆம் நாள், நெஞ்சுநோயால் வருந்திய 38 வயதினர் ஒருவரின் முடியுருநாடியில், விழித்திருந்த நிலையிலேயே, உலகில் முதன்முறையாகப் பலூன் விரிக்கப்பட்டது. ஏதேனும் பிழைத்தால் உடனே நெஞ்சைத் திறப்பதற்குச் சத்திரவைத்தியர் ஆயத்தமாக நின்றனர். அவர்தம் தலைவரான ஓக் செனிங் தம் துறைக்குப் போட்டியாகக்கூடிய இம்முறைக்குத் துணைநின்றமை போற்றத்தக்கது. பத்தாண்டுகளின் பின் படமெடுத்தபோதும் அந்நாடி திறந்தே இருந்தது. அதனைக் காணக் குறூன்ற்சிக் உயிரோடில்லை. 1985 இல், 46 வயதில், தாமே செலுத்திச்சென்ற விமானம் வீழ்ந்து மாண்டார்.

எல்லா நோயாளருக்கும் இவ்வாறு வாய்க்கவில்லை. பலூனால் அகன்ற நாடி சிலரில் உடனே அடைபட்டது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரில் ஆறு மாதத்துள் மீண்டும் ஒடுங்கியது. இடிந்து விழும் கிணற்றுக்கு வளையம் இறக்குதல்போல நாடியின் உட்புறத்தே உலோக வலையொன்றை நிறுத்துதல் பரிகாரமாயிற்று. 1986 இல் பிரான்சின் துலூஸ் நகரிலும் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலும் முதலில் இது செய்யப்பட்டது. ஸ்ரென்ற் என்னும் பெயரோ பல்லின் அச்செடுக்கும் பசையொன்றை ஆக்கிய 19 ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பல்வைத்தியர் ஒருவருடையது. வலையின் இடைவெளியூடே தசை வளர்ந்து மீண்டும் ஒடுக்கியபோது, அவ்வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தை வலையின்மேற் பூசினர். அம்மருந்தின் பிறப்பு வியப்புக்குரியது. 1964 இல் பசுபிக் கடலின் நடுவேயுள்ள ஈஸ்ரர் தீவுக்குச் சென்ற கனடிய ஆய்வுக்குழு கொணர்ந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரே அதனைச் சுரந்தது. மொன்றியலில் அதனை ஆராய்ந்த சுரேந்திரநாத் சேகல் என்னும் அறிஞர், ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது அந்நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்தார். அத்தீவின் பழம்பெயராகிய றப்பாநுயி என்பதே றப்பமைசின் என மருந்துக்குப் பெயராயிற்று. அம்மருந்து பூசிய ஸ்ரென்ற் 1999 இறுதியில் பிரேசிலில் முதன்முதலாக மனிதரிற் பொருத்தப்பட்டது.

வலையை மூடி உட்டோல் வளருமுன் அதன்மேற் குருதி கட்டிபடலாம். ஆதலின் அஸ்பிரினோடு கட்டிபடாமற் காக்கும் இன்னொரு மாத்திரையும் பல மாதங்கள் உட்கொள்ளல் வேண்டும். பல் பிடுங்குவதற்கோ வேறு காரணம் பற்றியோ, வைத்தியரைக் கேளாது இம்மாத்திரைகளை நிறுத்துவோர் திறந்த நாடியைத் தாமே அடைத்துக்கொள்ளும் இடருக்கு உள்ளாகின்றனர். நுண்குழாய் செலுத்துதலும் முற்றும் இடரற்றதன்று. குருதிப்பெருக்கு, சாயத்தாற் சிறுநீரகம் பாதிப்புறுதல், அரிதாகப் பாரிசவாதம் என்பனவும் நேர்வதுண்டு.

நுண்குழாயின் ஆட்சி நாடிகளோடு நிற்கவில்லை. சிறுவயதிலே தொண்டைநோவின் பின்வரும் வாதக்காய்ச்சலால் இருதய வால்வு தடித்து ஒட்டிக்கொள்ளும் நோய் தென்னாசியாவில் நெடுங்காலமாக இளம் பெண்கள் பலரை வருத்திவந்தது. யப்பானியச் சத்திரவைத்தியர் கஞ்சி இனோவே இதற்கென ஆக்கிய பலூன், தொடைநாளத்தின் வழியே சென்று, சோணையறைகளின் இடைச்சுவரைத் துளைத்து, ஒட்டிய வால்விதழ்களைப் பிரித்துவிடுகின்றது. 1984 இல் அவர் இதனை வெளியிட்டார். கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு நெஞ்சைத் திறவாமலே இதனைச் செய்யக்கூடுமென்பது சிறிய நன்மையன்று. முதியோரின் பெருநாடி வால்வுக்குப் பதிலாகப் புதிய வால்வையே மடித்துக் குழாயினுள் வைத்துச் செலுத்தும் முறையை, பிரான்சின் றூவான் நகரத்து அலன் கிறிபியே 2002 ஏப்பிரல் 16 இல் செய்துகாட்டினார். முதல் நோயாளி, சத்திரசிகிச்சைக்கு ஆகார் எனக் கைவிடப்பட்ட 57 வயதினர். நான்கு மாதங்கள் வரையே வாழ்ந்தார். இன்று அம்முறையால் நெடுநாள் வாழ்வோர் பலர்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும்போது பலூனாலும் ஸ்ரென்றாலும் நாடியைத் திறத்தல் உயிர் காக்கும் என்பதில் ஐயமில்லை. கட்டி கரைக்கும் மருந்தினும் அது சிறந்ததென 1990 களின் ஆய்வுகள் நிறுவின. ஆயினும் நேரமே அங்கு மருந்து. வைத்தியசாலையை அடைந்த 90 நிமிடத்துள் நாடி திறக்கப்படுதல் வேண்டும் என்பது விதி. அவ்வசதியுள்ள இடம் இரண்டு மணிநேரத்துக்கு அப்பாலாயின், கட்டி கரைக்கும் மருந்தை முதலிற் கொடுத்தலே முறை. நெஞ்சு இறுகுவதை வாய்வுக்குற்றமென எண்ணி இஞ்சிச்சாறு குடித்துக் காத்திருப்பவர் இழக்கும் ஒவ்வொரு நாழிகையும் தசையின் இழப்பாகும்.

இளைப்பாறினால் நீங்கும் நெஞ்சுநோயுடையார் நிலை வேறு. 2007 இல் வெளிவந்த ஆய்வொன்றில் இத்தகையார் 2,287 பேர் இரு கூறாக்கப்பட்டனர். ஒரு சாராருக்கு மருந்துகள் மாத்திரம். மற்றையோருக்கு மருந்துகளோடு ஸ்ரென்றும். இறப்பிலோ மாரடைப்பிலோ வேறுபாடு காணப்படவில்லை. 5,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2020 இல் வெளியான ஆய்வும் அவ்வாறே கூறிற்று. காரணம் முன்னரே கூறப்பட்டது: ஒடுங்கிய இடம் ஒன்று, நாளை கிழியப்போகும் இடம் வேறொன்றாதல் கூடும். ஸ்ரென்ற் நிற்பது ஓரிடத்தில். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் புகைவிடுதலும் நடைப்பயிற்சியும் எல்லா நாடிகளின் முழுநீளத்துக்கும் பயன்படுவன. இடப்பக்க முடியுருநாடியின் அடிமரமே ஒடுங்கியவர், இருதயத் தசை நலிந்தவர் போன்றோரின் நிலை தனித்தனியே ஆராயப்படவேண்டியது. ஏனையோர் கடன்பட்டேனும் நகையை அடகுவைத்தேனும் ஸ்ரென்ற் பொருத்தினால் ஆயுள் கூடுமென எண்ணுவது ஆதாரமற்றது. இந்தியாவிலே மருந்து பூசிய ஸ்ரென்ற் இலட்ச ரூபாவைக் கடந்தும் விற்கப்பட்டு, 2017 பெப்ருவரியில் அரசாங்கம் 29,600 ரூபா என உச்சவிலை விதிக்கவேண்டி நேர்ந்ததை எண்ணுக.

ஆயுள் நீளாவிடினும் நோவாவது தீருமா? இதனை அறிய இங்கிலாந்து அறிஞர் துணிவானதோர் ஆய்வை நடத்தி 2017 இல் வெளியிட்டனர். 200 பேரையும் உறங்கவைத்து நுண்குழாய் செலுத்தினர். பாதிப்பேருக்கு மாத்திரமே ஸ்ரென்ற் வைத்தனர். எவருக்கு வைக்கப்பட்டதென நோயாளரும் அறியார், பின்னர் அவரைப் பரிசோதித்தவரும் அறியார். ஆறு கிழமையின் பின் இயந்திரத்தின்மேல் நடக்கவைத்தபோது இரு திறத்தாரும் நடந்த நேரம் குறிப்பிடத்தக்கவாறு வேறுபடவில்லை. அவர்கள் யாவரும் நெஞ்சுநோக்குரிய மாத்திரைகளை நிறைவாக உட்கொண்டவர் என்பது கருதத்தக்கது. ஆகவே அதே குழுவினர், மாத்திரைகளை நிறுத்தியவர் 301 பேரில் அவ்வாய்வைத் திரும்பச் செய்து 2023 இல் வெளியிட்டனர். இம்முறை ஸ்ரென்ற் பெற்றவர்க்கு நோ தெளிவாகக் குறைந்திருந்தது. எனினும், பன்னிரண்டு கிழமையின் பின் நோ முற்றாக நீங்கியிருந்தோர் அவருட் பத்தில் நால்வரளவே. ஸ்ரென்ற் பெறாது, பெற்றதாக எண்ணியிருந்தாருள்ளும் பத்தில் ஒருவர் இருவர்க்கு அது நீங்கியிருந்தது.